சமூக விலக்கல்: ஓர் எண்ணக்கருவின் தோற்றமும் பொருளும்

1

ஒரு சமூக அறிவியல் எண்ணக்கருவின் வரலாற்றை வெறும் சொல் வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஏற்கெனவே வேறு பெயர்களால் அறியப்பட்டிருந்த நிலைமையொன்று புதுப்பெயர் பெறும்போது, அப்பெயரைச் சூட்டியோர் யார், எத்தகைய நெருக்கடியில் அது வேண்டப்பட்டது, பழைய பெயர்கள் ஏன் போதாதனவாயின என்னும் வினாக்கள் எழுகின்றன. 'சமூக விலக்கல்' என்னும் எண்ணக்கரு இவ்வினாக்களுக்கு உட்படுத்தி ஆராயத்தக்கது. 1980களின் பிற்பகுதி தொடக்கம் அரசாங்க அறிக்கைகளிலும் சர்வதேச நிறுவனங்களின் ஆவணங்களிலும் பல்கலைக்கழக ஆய்வுகளிலும் இது பெருவழக்குப் பெற்றது. வறுமை, சுரண்டல், ஒடுக்குமுறை ஆகிய சொற்கள் முன்னர் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று இது நிற்கிறது. இலங்கையிலும் சாதியால் ஒடுக்கப்பட்டோர், மலையகத் தொழிலாளர் ஆகியோரைப் பற்றிய எழுத்துக்களில் இவ்வெண்ணக்கரு எடுத்தாளப்படுகிறது. ஆதலின் இது எங்கே, எவ்வாறு தோன்றியது, எதனை விளக்குகிறது, எதனை மறைக்கிறது என்பவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் அவசியமாகும்.

தமிழின் சொல்லமைதி இவ்விடயத்தில் நமக்கு ஒரு தொடக்கப் புள்ளியைத் தருகிறது. விலகு, விலக்கு, ஒதுங்கு, ஒதுக்கு, நீங்கு, நீக்கு என்னும் இணைகளை நோக்குவோம். முன்னவை தன்வினை, பின்னவை பிறவினை. ஒருவன் விலகும்போது வினைமுதல் அவனே. அவன் விலக்கப்படும்போது வினைமுதல் இன்னொருவன். 'விலக்கல்' என்னும் தொழிற்பெயர் பிறவினையின் அடியாகப் பிறந்ததேயெனினும், பெயராகிவிட்டபின் அது எழுவாயை வேண்டி நிற்பதில்லை. 'அவர்கள் சமூக விலக்கலுக்கு உள்ளாகியுள்ளனர்' என்று எழுதும்போது, விலக்கியவரைப் பற்றி எதுவும் கூறாமலே வாக்கியம் முற்றுப்பெற்றுவிடுகிறது.

இக்கட்டுரையின் வாதம் இவ்விலக்கணச் செய்தியோடு நெருங்கிய தொடர்புடையது. சமூக விலக்கல் என்பது இரு சாராரிடையே நிலவும் ஓர் உறவு. ஆயின் இவ்வெண்ணக்கரு அரசாங்கக் கொள்கையின் மொழியாக வளர்ந்த காலத்தில் அவ்வுறவு மறைந்து, அது விலக்கப்பட்டோரின் நிலைமையாக, சிற்சில சமயங்களில் அவர்தம் இயல்பாகவே, சித்திரிக்கப்படலாயிற்று. இம்மாற்றத்துக்குத் திட்டவட்டமான வரலாற்றுக் காரணங்கள் உள.

2

விலக்கும் வழக்கம் அதனைக் குறிக்கும் எண்ணக்கருவினும் மிகப் பழையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்சு நகரக் குடிமக்கள் ஓட்டுத்துண்டுகளிற் பெயர் பொறித்து, அச்சத்துக்குரியவரெனக் கருதிய ஒருவரைப் பத்தாண்டு காலத்துக்கு நகரினின்றும் அகற்றினர். நமது கிராமங்களில் ஊர்விலக்கு என வழங்கிய தண்டனையும் இவ்வகையைச் சார்ந்ததே. இவற்றில் உள், புறம் என்னும் பிரிப்பு வெளிப்படையானது. விலக்கப்பட்டவர் உண்மையிலேயே வெளியே சென்றார். விலக்கியோர் யாரென்பதை அனைவரும் அறிந்திருந்தனர்.

பண்ட உற்பத்தியும் கூலியுழைப்பும் வளரத் தொடங்கிய ஐரோப்பாவில் இதனின்றும் வேறுபட்ட ஒரு வழக்கம் தோன்றியது. 1656இல் பிரெஞ்சு மன்னன் பிறப்பித்த கட்டளையின்படி பாரிசில் 'பொது மருத்துவமனை' என்னும் நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. பெயர் மருத்துவமனையாயினும் அதனுள் அடைக்கப்பட்டோர் பிச்சைக்காரர், நாடோடிகள், வேலையற்றோர், மனநோயாளர் ஆகிய பல திறத்தினர். மிசேல் பூக்கோ 1961இல் வெளியிட்ட, மனப்பிறழ்வின் வரலாறு பற்றிய நூலில் இந்நிகழ்ச்சியை ஐரோப்பிய வரலாற்றின் ஒரு திருப்பமாகக் காட்டினார். இங்கு விலக்கப்பட்டோர் நகரைவிட்டுத் துரத்தப்படவில்லை. நகரின் நடுவிலேயே மதிலுக்குள் வைக்கப்பட்டு வேலை செய்விக்கப்பட்டனர். இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் வலுப்படுத்திய தொழில் இல்லங்களும் இத்தகையனவே. அங்கு நிலவிய வாழ்க்கை, வெளியே மிகக் குறைந்த கூலி பெறும் தொழிலாளியின் வாழ்க்கையினும் இழிவாயிருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் வெளிப்படையான கொள்கை. உள்ளே அடைக்கப்பட்டோரின் துன்பம் வெளியே இருப்போருக்கு அச்சமூட்டும் பாடமாகப் பயன்பட்டது.

இவ்வளர்ச்சிகளை விளக்க முயன்ற சமூகச் சிந்தனையில் மூன்று மரபுகளை இனங்காணலாம். முதலாவது மார்க்சின் மரபு. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில், மூலதனத்தின் திரட்சி தனக்கு வேண்டிய அளவினும் மிகையான உழைப்பாளர் தொகையொன்றை இடையறாது உருவாக்குகிறது என்பதை அவர் நிறுவினார். மிதக்கும், மறைந்திருக்கும், தேங்கிய என மூவகைப்படும் இம்மிகைத்தொகையின் அடித்தளத்தில் வறியோர் கிடக்கின்றனர். வேலையற்றோர் இவ்வாறு சேமப் படையாக நிற்பதே வேலையிலிருப்போரின் கூலியைக் கட்டுக்குள் வைக்கிறது. ஆகவே புறத்தே தள்ளப்பட்டவர் அமைப்பின் தொழிற்பாட்டுக்கு இன்றியமையாதவர்.

இரண்டாவது எமில் டூர்க்கைமின் மரபு. 1893இல் வெளியான, சமூகத்தில் வேலைப்பிரிவினை பற்றிய நூலில் அவர் எழுப்பிய வினா, தனிமனிதர் பல்கிப் பிரிந்துசெல்லும் சமுதாயத்தைப் பிணைத்து வைப்பது எது என்பதாகும். இந்நோக்கில் சமூகத்தின் நோய் பிணைப்புத் தளர்தலே. மூன்றாவது மக்ஸ் வேபரின் மரபு. அவர் மறைவுக்குப்பின் 1922இல் வெளிவந்த நூலில், வாய்ப்புக்களைத் தமக்கே உரியனவாக்கிக்கொள்ளும் பொருட்டு ஒரு குழுவினர் பிறருக்கு வழியடைப்பதைச் 'சமூக அடைப்பு' என அவர் விளக்கினார். 1979இல் பிராங் பாக்கின் இக்கருத்தை விரித்து மார்க்சிய வர்க்கக் கோட்பாட்டுக்கு மாற்றாக முன்வைத்தார்.

இம்மூன்றனுள் மார்க்சும் வேபரும், தம்முள் ஆழ்ந்த வேறுபாடுகள் இருப்பினும், விலக்குவோரைப் பார்வைக்குள் வைத்திருக்கின்றனர். டூர்க்கைமின் நோக்கில் விலக்குவோர் இல்லை. தளர்ந்த பிணைப்பே உள்ளது. 'சமூக விலக்கல்' என்னும் தொடர் எம்மரபின் மடியில் வளர்ந்தது என்பதை இனி நோக்குவோம்.

3

இவ்வெண்ணக்கருவின் பிறப்பிடம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரான்சு. 1945 தொடக்கம் 1970களின் நடுப்பகுதி வரையான முப்பது ஆண்டுகளை 'மகோன்னத முப்பதாண்டுகள்' என 1979இல் பொருளியலாளர் ஜான் பூரஸ்தியே பெயரிட்டு அழைத்தார். தொழில் வளர்ச்சியும் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களும் வறுமையைக் காலப்போக்கில் ஒழித்துவிடும் என்பது அக்காலத்து ஆளும் கருத்துநிலையாயிருந்தது. அவ்வளர்ச்சியின் நடுவிலேயே அதற்கு மாறான காட்சியொன்றும் இருந்தது. வீடற்றோர் பனியில் உறைந்து மடிந்த 1954ஆம் ஆண்டுக் குளிர்காலத்தின் பின், பாரிசுக்கு அண்மையிலுள்ள நுவாசி-லெ-கிரான் என்னுமிடத்தில் அவசரக் குடியிருப்பொன்று அமைக்கப்பட்டது. அரைவட்டக் கூரையுடைய குடிசைகளில் 252 குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. 1956இல் அங்கு சென்ற ஜோசப் விரெசின்ஸ்கி என்னும் கத்தோலிக்கக் குரு, 1957இல் அம்மக்களோடு இணைந்து ஓர் இயக்கத்தை ஆரம்பித்தார்.

அவ்வியக்கம் பின்னர் 'நாலாம் உலகம்' என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது. 1789இல் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்னும் மூன்று படியினரின் பிரதிநிதிகள் கூடியபோது, அம்மூன்றனுள் எதிலும் குரலற்றிருந்த வறியோரைச் சிலர் 'நாலாம் படியினர்' என அழைத்திருந்தனர். அந்நினைவே இப்பெயருக்கு அடிப்படை. புரட்சியின் வாரிசாகத் தன்னைக் கருதும் குடியரசில் இன்னும் பிரதிநிதித்துவம் பெறாதோர் உளர் என்பதே இதன் உட்பொருள். இச்சூழலில்தான் 1965இல் ஜூல் கிளான்பேர் 'சமூக விலக்கல்' என்னும் தொடரைத் தலைப்பாகக் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். அத்தொடர் நூற்றலைப்பாக அமைந்த முதற் சந்தர்ப்பங்களுள் ஒன்று அது. எனினும் அந்நூல் சிறு வட்டத்தினுள்ளேயே அடங்கிவிட்டது.

இச்சொல்லைப் பொதுவிவாதத்துக்குக் கொண்டுவந்தவர் றெனே லெனுவார் என்னும் உயர்நிலை அரச உத்தியோகத்தர். 'விலக்கப்பட்டோர்: பிரெஞ்சுக்காரருள் பத்தில் ஒருவர்' என்னும் அவரது நூல் 1974இல் வெளிவந்தது. சமூகநலத் துறையில் நிருவாகியாயிருந்த அவர், அதே ஆண்டில் அத்துறைக்குப் பொறுப்பான அரசாங்கச் செயலாளராக நியமனம் பெற்றார். உடற்குறை, மனக்குறை உடையோர், தற்கொலை நாட்டமுள்ளோர், ஆதரவற்ற முதியோர், கொடுமைக்குள்ளான குழந்தைகள், போதைப்பொருளுக்கு அடிமையானோர், குற்றவாளிகள், தனித்து நிற்கும் பெற்றோர், சமூகத்தோடு ஒட்டாதோர் எனப் பல திறத்தினர் அவர் வகுத்த பட்டியலில் இடம்பெற்றனர். இவர்களின் நிலைக்குத் தனிமனிதக் குறைகளைக் காரணங் காட்டாது, கட்டுப்பாடற்ற நகர வளர்ச்சி, கல்வி அமைப்பின் பொருந்தாமை, வேரறுந்த இடப்பெயர்ச்சி ஆகியவற்றை லெனுவார் சுட்டினார். அவ்வளவில் அவரது நூல் முற்போக்கான ஒன்றே. 1975 யூனில் பிரான்சில் நிறைவேறிய, உடல், உளக் குறையுடையோர் நலன் பற்றிய சட்டம் அவரது பதவிக்காலத்ததாகும்.

ஆயினும் அப்பட்டியலை ஒருமுறை உற்று நோக்குதல் தகும். முதியவரையும் போதைக்கு அடிமையானவரையும் கைவிடப்பட்ட குழந்தையையும் ஒரே தொகுதியாக்குவது எது? அவர்கள் உற்பத்தியில் வகிக்கும் இடம் அன்று. அவர்களை விலக்கிய பொது எதிரியும் அன்று. சமூகநலத் துறையின் பராமரிப்புக்கு உரியோர் என்பதே அவர்களை ஒன்றுபடுத்தும் இயல்பு. அதாவது நிருவாகியின் மேசையிலிருந்து நோக்கும்போது மட்டுமே அவர்கள் ஒரே தொகுதியினராகத் தென்படுவர். எண்ணக்கருவின் பிற்கால வளர்ச்சியை இப்பிறப்பு அடையாளம் பெரிதும் பாதித்தது. அதே 1974ஆம் ஆண்டு யூலையில் பிரெஞ்சு அரசாங்கம் வெளிநாட்டுத் தொழிலாளர் வருகையை இடைநிறுத்தியமையும் மனங்கொள்ளத்தக்கது. விலக்கப்பட்டோரைப் பற்றிய கரிசனை பிறந்த ஆண்டிலேயே, வளர்ச்சிக் காலத்தில் தருவிக்கப்பட்ட உழைப்புக்கு வாயில் மூடப்பட்டது. இரண்டும் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்தோடு வெளிப்பட்ட முதலாளித்துவ நெருக்கடிக் காலத்தின் நிகழ்ச்சிகள்.

4

லெனுவாரின் பட்டியலில் வேலையற்ற தொழிலாளி முதன்மையான இடத்தைப் பெறவில்லை. நிறை தொழில் நிலவிய காலத்தின் அனுபவம் அதற்குக் காரணமாகலாம். அடுத்து வந்த ஆண்டுகள் அந்நிலையை மாற்றின. 1980களின் தொடக்கத்தில் பிரான்சில் வேலையற்றோர் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. ஆலைகள் மூடப்பட்டன, நீண்டகால வேலையின்மை நிலைத்துவிட்டது. நேற்றுவரை தொழிற்சங்கத்தில் உறுப்பினராயிருந்தவர் இன்று இலவச உணவுக்காக வரிசையில் நின்றார். இவர்களை முன்னைய பட்டியலில் உள்ளடக்க முடியாதிருந்தமையால் 'புதிய வறுமை' என்னும் தொடர் 1984 அளவில் பரவியது. பின்னர் 'விலக்கல்' என்னும் சொல்லே விரிந்து இவர்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டது.

1987இல் பிரெஞ்சுப் பொருளாதார, சமூக மன்றத்துக்கு விரெசின்ஸ்கி சமர்ப்பித்த அறிக்கை, கடும் வறுமையை மனித உரிமைப் பிரச்சினையாக முன்வைத்தது. 1988 திசெம்பரில் 'ஒன்றிணைப்புக்கான குறைந்தபட்ச வருமானம்' என்னும் சட்டம் நிறைவேறியது. உதவி பெறுபவர் தம்மைச் சமூகத்தோடு மீள இணைத்துக்கொள்வதற்கான உடன்படிக்கையில் ஒப்பமிட வேண்டியவரானார். சமூகமும் அவருக்குக் கடமைப்பட்டது என்பது சட்டத்தின் கருத்து. நடைமுறையில் வேலை வழங்கும் கடமை எந்த முதலாளியையும் கட்டுப்படுத்தவில்லை. உதவி பெறுபவரின் முயற்சி மட்டுமே பரிசீலனைக்கு உள்ளானது. அன்றியும் குழந்தைகளற்ற 25 வயதுக்குக் குறைந்தோருக்கு அவ்வருமானம் கிடைக்கவில்லை. விலக்கலுக்கு எதிரான சட்டமே ஒரு சாராரை விலக்கிற்று. 1998 யூலையில் விலக்கலுக்கு எதிரான போராட்டம் பற்றிய தனிச்சட்டமும் அந்நாட்டில் இயற்றப்பட்டது.

பிரான்சிலிருந்து இச்சொல் ஐரோப்பிய சமூகத்தின் தலைமையகத்தை அடைந்தது. 1975 தொடக்கம் நடைமுறைப்படுத்தப்பட்ட வறுமை எதிர்ப்புத் திட்டங்களின் மொழி சிறிது சிறிதாக மாறியது. 1989 செப்தெம்பரில் உறுப்பு நாடுகளின் அமைச்சர் மன்றம் சமூக விலக்கலை எதிர்ப்பது பற்றித் தீர்மானம் இயற்றியது. தம் நாட்டில் வறுமை உண்டு என ஒப்புக்கொள்ளச் சில அரசாங்கங்கள் தயங்கியமையும், 'விலக்கல்' என்னும் சொல் அவற்றுக்கு உறுத்தலின்றி இருந்தமையும் இம்மாற்றத்துக்குத் துணையாயின என ஆய்வாளர் காட்டியுள்ளனர். 1997ஆம் ஆண்டின் ஆம்ஸ்ரடாம் ஒப்பந்தம் விலக்கலை எதிர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் இலக்குகளுள் ஒன்றாக்கியது.

பிரித்தானியாவில் ரொனி பிளயர் அரசாங்கம் 1997 திசெம்பரில் சமூக விலக்கல் பிரிவு என்னும் அலுவலகத்தை நிறுவியது. அதன் தொடக்க அறிக்கைகள் ஆராய்ந்த விடயங்கள் கருத்திற்குரியன. பாடசாலைக்குச் செல்லாப் பிள்ளைகள், தெருவில் உறங்குவோர், சீர்குலைந்த குடியிருப்புக்கள், பதின்வயதுக் கருத்தரிப்பு, கல்வியோ தொழிலோ அற்ற இளைஞர் என்பனவே அவை. வறியோர் அனைவரும் நுணுகி ஆராயப்பட்டனர். தொழிற்சாலையை மூடிய நிறுவனமோ வாடகையை உயர்த்திய நிலவுடைமையாளரோ அவ்வறிக்கைகளின் பொருளாகவில்லை. பிறவினை தன்வினையாயிற்று, விலக்கப்பட்டவர் விலகிநிற்பவராகத் தோன்றலாயினர்.

5

இவ்வெண்ணக்கருவைப் பற்றிய திறனாய்வு முதலாளித்துவ நாடுகளின் அறிஞரிடையேயும் எழுந்தது. 1994இல் ஹிலரி சில்வர், விலக்கல் பற்றிய விளக்கங்கள் ஒருமைப்பாடு, சிறப்பியலாக்கம், ஏகபோகம் என்னும் மூன்று சிந்தனைச் சட்டகங்களைச் சார்ந்தவை எனப் பிரித்துக் காட்டினார். பிரெஞ்சுக் குடியரசு மரபு முதலாவதைச் சார்ந்தது. தனிமனிதவாத மரபு இரண்டாவதைச் சார்ந்தது. அதிகாரமுள்ள குழுக்களின் அடைப்பு மூன்றாவதன் பொருள். ஒரே சொல் மூன்று அரசியல்களுக்கு இடமளித்தமையே அதன் வெற்றிக்கு ஒரு காரணம் எனலாம்.

றொபேட் கஸ்தெல் 1995இல் வெளியிட்ட, சமூகப் பிரச்சினையின் உருமாற்றங்கள் பற்றிய நூலில், கூலியுழைப்பின் நீண்ட வரலாற்றை ஆராய்ந்தபின் 'விலக்கல்' என்னும் சொல்லை அவநம்பிக்கையோடு நோக்கினார். விளிம்பில் நிற்போரைத் தனியாகப் பிரித்தெடுத்து ஆராய்வதால், மையத்தில் நிகழ்ந்த மாற்றம் பார்வையினின்றும் மறைந்துவிடுகிறது என்பது அவர் கருத்து. நிரந்தரத் தொழில் தளர்ந்து தற்காலிகத் தொழிலாகியமையே விளிம்பில் மனிதரைக் குவித்தது. 1998இல் ரூத் லெவிற்றாஸ் மற்றொரு குறையைச் சுட்டினார். விலக்கப்பட்டோர், உள்ளிருப்போர் எனச் சமூகத்தை இரு கூறாக்கும்போது, உள்ளிருப்போர் யாவரும் சமமானவர் என்னும் மயக்கம் பிறக்கிறது. ஆலை முதலாளியும் நாட்கூலித் தொழிலாளியும் ஒரே தொகுதியினராகிவிடுகின்றனர்.

இங்குதான் மார்க்சிய நோக்கின் இன்றியமையாமை புலப்படுகிறது. முதலாளித்துவ சமுதாயத்தின் அடிப்படையான விலக்கல் அதன் விளிம்பில் நிகழ்வதன்று. நேரடி உற்பத்தியாளர் நிலத்தினின்றும் கருவிகளினின்றும் பிரிக்கப்பட்டமையே அது. இங்கிலாந்தில் பொது நிலங்கள் வேலியிடப்பட்டபோது குடியானவன் உற்பத்திச் சாதனத்தினின்றும் விலக்கப்பட்டான். அதனாலேயே அவன் உழைப்புச் சந்தையினுள் சேர்க்கப்பட்டான். விலக்கலும் சேர்த்தலும் ஒரே செயலின் இரு முகங்கள். இவ்வியக்கவியலைக் காணாதவர்க்கு, வேலை கிடைத்தவுடன் விலக்கல் முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

அமர்த்தியா சென் 2000ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கிக்காக எழுதிய ஆய்வு இவ்விடத்தை ஓரளவு அணுகியது. பாதகமான விலக்கலையும் பாதகமான நிபந்தனைகளோடு கூடிய சேர்த்தலையும் வேறுபடுத்திக் காணல் வேண்டும் என்றார் அவர். வேண்டுமென்றே செய்யப்படும் விலக்கலையும், எவரும் கருதாமலே நேரும் விலக்கலையும் அவர் பிரித்தார். இப்பகுப்பு பயனுள்ளது. எனினும் அவ்விரண்டும் எவ்வாறு ஒன்றையொன்று பிறப்பிக்கின்றன என்பது விளக்கப்படவேண்டிய வினாவாகவே எஞ்சுகிறது.

6

சென்னின் ஆய்வும் சர்வதேசத் தொழில் தாபனம் 1990களில் மேற்கொண்ட ஆய்வுகளும் இவ்வெண்ணக்கருவை ஆசிய நாடுகளுக்குக் கொணர்ந்தன. ஆதலின் நமது நாட்டின் இரு நிலைமைகளைக் கொண்டு அதனைச் சோதித்துப் பார்த்தல் பொருத்தமாகும்.

முதலாவது யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பு. பஞ்சமர் எனத் தொகுத்துக் கூறப்பட்ட மக்கள் ஆலயத்துள் நுழைய முடியாதிருந்தது. பொதுக்கிணற்றில் நீரள்ள முடியாதிருந்தது. தேநீர்க் கடையில் அவர்களுக்குத் தனிப்போத்தலும் தனிப்பேணியும் வைக்கப்பட்டன. விலக்கல் என்னும் சொல்லுக்கு இவற்றினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக்கள் அரிது. ஆயின் அதே மக்கள் உற்பத்தியில் வகித்த இடம் யாது? குடாநாட்டின் புகையிலைத் தோட்டங்களில் துலா மிதித்து நீரிறைத்தோருள் அவர்கள் முக்கியமானோர். தோட்டக் கிணற்றில் நாள் முழுதும் நீர் இறைத்த கைகள், குடிநீர்க் கிணற்றருகே மற்றொருவர் வார்க்கும்வரை ஏந்திக் காத்திருந்தன. வண்ணார் விரிக்கும் வெள்ளையின்றி உயர்சாதியினர் வீட்டுத் திருமணமோ மரணச் சடங்கோ நிறைவுறவில்லை. பறையின்றிப் பிணம் சுடலை செல்லவில்லை. அவர்களை விலக்கிவைத்த சமூகம் அவர்களின்றி ஒருநாளேனும் இயங்கியிருக்க முடியாது. விலக்கல், உழைப்பை மலிவாகவும் எதிர்ப்பின்றியும் பெறுவதற்கான நிபந்தனையாயிருந்தது. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும் நிலவுடைமை மாறாதிருந்தமையால் இவ்வுறவு வேறு வடிவில் நீடித்தது.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் மொழி இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. ஒருவரின் சாதி காரணமாக அவர்மீது சமூகக் குறைபாட்டைச் சுமத்துபவர் குற்றவாளியாவார் என்பதே அதன் சாரம். 'சுமத்துபவர்' என்னும் எழுவாய் அதில் தெளிவாயுள்ளது. ஐரோப்பியக் கொள்கை ஆவணங்கள் பிற்காலத்தில் மறந்துபோன வினைமுதலை, இலங்கைச் சட்டம் முன்னரே பெயர்சுட்டிக் குற்றத்துக்குரியதாக்கியது. எனினும் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் அச்சட்டம் ஏட்டளவிலேயே இருந்தது. அதற்கு உயிரூட்டியவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களே. 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி இடதுசாரிகளின் தலைமையில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. சங்கானை முதலிய இடங்களில் நிகழ்ந்த போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் வரலாற்றின் பகுதிகள். கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) இக்காலகட்டத்தின் அனுபவங்களினின்று முகிழ்த்த நாவலாகும். தேநீர்க் கடைகளும் ஆலயங்கள் பலவும் திறக்கப்பட்டன. நிலம் அவ்வாறு திறக்கப்படவில்லை. சேர்த்தல் எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதே விலக்கலின் வேர் எங்குள்ளது என்பதைக் காட்டிவிடுகிறது.

இரண்டாவது மலையகத் தமிழரின் குடியுரிமை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது; வேறு தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணையாயின. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949இல் தொடர்ந்த சட்டங்களும் அவர்களுள் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமையும் வாக்குரிமையும் அற்றவராக்கின. சட்டம் நிறைவேறிய மறுநாளும் காலையில் பிரட்டுக்கு அவர்கள் அழைக்கப்பட்டனர், கொழுந்து பறிக்கப்பட்டது, தேயிலை ஏற்றுமதி தொடர்ந்தது. அரசினின்றும் விலக்கப்பட்டோர் அவ்வரசின் பிரதான வருவாயை ஈட்டினர். 1964 ஒக்ரோபரில் கையொப்பமான ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சமமாகப் பிரித்துக்கொண்டன. லெனுவாரின் நூல் வெளிவந்த ஆண்டும் அதுவே. நாடற்றோராய் எஞ்சியோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முடிவு கண்டது. வாக்குரிமையற்ற தொழிலாளி பாராளுமன்றத்தில் குரலற்றவன். குரலற்றவனின் கூலியைக் குறைவாக வைத்திருத்தல் எளிது. இங்கும் அரசியல் விலக்கலும் பொருளாதாரச் சேர்த்தலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

7

மேற்கூறியவற்றால் 'சமூக விலக்கல்' என்னும் எண்ணக்கருவை முற்றாகத் தள்ளிவிடுதல் வேண்டும் என்பது பெறப்படாது. வருமானத்தை மட்டும் அளந்த வறுமை ஆய்வுகள் காணத் தவறிய பலவற்றை, குறிப்பாக மதிப்பிழப்பு, உரிமையிழப்பு, பொதுவிடங்களிலிருந்து தடுக்கப்படுதல் ஆகியவற்றை, அது கவனத்துக்குக் கொணர்ந்தது. சாதியைக் கூலிப் பிரச்சினையாக மட்டும் சுருக்கிக் கண்ட மார்க்சியர் சிலரின் போக்குக்கும் அது ஒரு திருத்தமாக அமையத்தக்கது. கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவனின் அவமானம் கூலி உயர்வால் மட்டும் தீர்ந்துவிடுவதன்று.

ஆயின் ஓர் எண்ணக்கருவை எடுத்தாளும்போது அதன் பிறப்பு வரலாற்றையும் உடன் அறிந்திருத்தல் வேண்டும். இது வளர்ச்சியின் பயன் எட்டாதோரைப் பராமரிக்கும் நிருவாகத்தின் மொழியிற் பிறந்து, வேலையின்மைக் காலத்தில் விரிந்து, வறுமை என்னும் சொல்லைத் தவிர்க்க விரும்பிய அரசாங்கங்களின் ஆதரவோடு பரவியது. நமது ஆய்வுகளில் இதனை வழங்குவோர் மூன்று வினாக்களுக்கு விடை கூறுதல் கடன். விலக்கியவர் யார்? எதனின்றும் விலக்கினர்? அவ்வாறு விலக்கப்பட்டோரை வேறெந்த உறவினுள், யாருடைய நன்மைக்காகச் சேர்த்துவைத்தனர்? முதலிரு வினாக்களும் பிறவினைக்கு எழுவாயையும் இலக்கையும் மீட்டுத் தருவன. மூன்றாவது வினாவே விலக்கலை உற்பத்தி உறவுகளோடு பிணைப்பது. அவ்வினாவை எழுப்பாத ஆய்வு, விலக்கப்பட்டோரை எண்ணிக் கணக்கிடும். அவர்களை விலக்கும் அமைப்பை அது தொடாது.